அம்மனைச் சுமந்த இடப்பக்கத்துப் பின் டயர்

இந்த வருடம் போகிக்கு முதல் நாள் சாயங்காலம், வீட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கிடக்கிற பழைய டயரை நீங்கள் இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்தார்கள். கிழிந்த பாய், உடைந்த முறம், கால் போன நாற்காலி எல்லாம் ஏற்கெனவே குவித்து வைத்திருந்தீர்கள். டயர் ஒன்றுதான் பாக்கி. நான் சாப்பிட்ட கையோடு ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பழசுதானேப்பா? பழசெல்லாம் கொளுத்தணும்னு நீதானே சொன்ன?" என்று பெரியவள் கேட்டாள்.

"வுடுக்கா. அப்பாவுக்கு நம்மள விட டயர்தான் ஒசத்தி," என்றான் சின்னவன்.

எல்லோரும் சிரித்தார்கள். டயரைக் கொளுத்தினால் புகை கெடுதல், பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருப்பார்களே என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது உண்மைதான். ஆனால் நான் எச்சில் கையோடு ஓடி வந்ததற்கு அது காரணம் இல்லை. காரணத்தை வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அந்த டயரின் பக்கவாட்டில் ஒரு நீளமான கீறல் இருக்கிறதே, சின்னவன் விரலை விட்டு விட்டுப் பார்ப்பானே, அந்தக் கீறலின் கதைதான் இது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நான் நெசவு வீட்டில் பிறந்தவன். ஆனால் தறியில் உட்கார என் உடம்புக்குப் பொறுமை போதவில்லை. வண்டி ஓட்டத்தான் மனம் போயிற்று. உங்கள் அம்மாவோ மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பட்டுப் புடவையில் பூ புட்டா போடுவாள். அவளுக்குத் தறி, எனக்கு டிராக்டர் என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம். டிராக்டர் பழையது. அதற்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லரும் பழையது. டிரெய்லருக்கு மட்டும் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். ஒரே கடை, ஒரே நாள். ஒரு வயிற்றில் பிறந்த நான்கு பிள்ளைகள் மாதிரி அவை வந்து சேர்ந்தன.

டிரெய்லர் டயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிராக்டரின் பெரிய டயர் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் டயரோடு யாரும் படம் பிடித்துக்கொண்டதில்லை. அதற்கு இன்ஜின் கிடையாது. தானாக ஓடவும் முடியாது, திரும்பவும் முடியாது. முன்னால் போகிறவன் எந்தப் பள்ளத்தில் இறக்குகிறானோ அந்தப் பள்ளத்தில் இறங்கி, எந்த மேட்டில் ஏற்றுகிறானோ அந்த மேட்டில் ஏற வேண்டும். சுமக்கிறது ஒன்றுதான் அதன் வேலை. தாமல் ஏரியில் தண்ணீர் வற்றின கோடையில் வண்டல் மண் அடித்தோம். அந்த ஏரிக்குள் இறங்கிக் கரை ஏறுகிற வழி உங்களுக்குத் தெரியாது. மாடு கூட யோசிக்கும். சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து, கரையில் கருங்கல் ஜல்லி குத்தி, மேலே மண் குவித்து, ஒரு நாளைக்கு எட்டு நடை. அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை. மற்ற நாளில் செங்கல், தறிக்கு வேண்டிய மரம், யார் வீட்டுக் கல்யாணச் சீரோ, யார் வீடு மாறுகிற பீரோவோ. பொய் சொல்லவில்லை, முதல் நான்கு வருடம் அந்த டயர்களில் ஆணி குத்தி ஒட்டுப்போட்டது இரண்டே தடவை.

அந்த நன்றியில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன்.

ஆயுத பூஜை வந்தால் நம் தெருவில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் டயருக்கு எண்ணெய் போடுவோம். தீபாவளிக்குப் பிள்ளைக்குத் தலை முழுக வைக்கிற மாதிரி. இன்ஜினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலைப் பழைய பனியன் துணியில் தொட்டு, டயரை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அப்புறம் சந்தனம், குங்குமம், மாலை. யார் வண்டி டயர் அதிகம் மின்னுகிறது என்று தெருவில் ஒரு போட்டியே நடக்கும். நான் ஆயுத பூஜைக்கு மட்டும் இல்லை, பொங்கலுக்கும் தேய்த்தேன், வருடப் பிறப்புக்கும் தேய்த்தேன். எனக்குச் சோறு போடுகிற டயர் ஆயிற்றே என்று.

ஆனால் நான்குக்கும் தேய்க்க முடியாது. நம் வீட்டுக்கும் ரைஸ் மில் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் டிரெய்லர் நிற்கும். இடப்பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். ஒரு ஜாண் கூட இடம் இருக்காது. கை போகாது. அதனால் எண்ணெய் முழுக்க வலப்பக்கத்து இரண்டு டயருக்கும்தான். இடப்பக்கத்து இரண்டுக்கும் மேலிருந்து நாலு பூவைக் கிள்ளிப் போடுவேன். "கோச்சிக்காதீங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னதும் உண்டு.

இனி அம்மன் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தெரு அம்மனுக்கு ஆடியில் ஊர்வலம் உண்டு அல்லவா? டிரெய்லரில் பலகை கட்டி, வாழைமரம் வைத்து, அம்மனை ஏற்றி நான்கு தெரு சுற்றி வருவது. யார் வண்டி இழுப்பது என்பதைக் கோயில் பெரியவர்தான் சொல்வார். அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்வலத்திலும் விசில் ஊதித்தான் வண்டியை நிறுத்துவார், விசில் ஊதித்தான் எடுக்கச் சொல்வார். ஒரு விசில் என்றால் ஆரத்தி, நில். இரண்டு விசில் என்றால் போ. அம்மன் ஏறின பிறகு ஆரத்திக்குத் தவிர வேறு எதற்கும் வண்டி நிற்கக் கூடாது. அது தெருவின் கட்டு.

நிறுத்தினால் என்ன ஆகும்? எனக்கு முன்னால் ஒருவர் வருடா வருடம் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் பாதி வழியில் அவர் டிரெய்லர் டயர் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது. அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அதோடு அவருக்குப் பெயர் 'பஞ்சர்' என்று ஆயிற்று. அவர் வீட்டம்மா 'பஞ்சர்காரம்மா'. அவர் பேத்தி ஸ்கூலில் முதல் மார்க் வாங்கினபோது கூட, "பஞ்சர் வூட்டுப் பொண்ணு ஃபர்ஸ்ட்டாமே" என்றுதான் தெருவில் பேசினார்கள். தப்பு மனிதருடையது இல்லை, ரப்பருடையது. ஆனால் ஊர் வாய் ரப்பரைப் பேசாது.

மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, நான்காவது வருடம் பெரியவர் எனக்குக் கொடுத்தார். "இழுத்துக்கினு போ. ஆனா வண்டி நின்னுது, உன் பேரு நின்னுது," என்றார். அப்போது பெரியவள் அம்மா இடுப்பை விட்டு இறங்காத வயது. சின்னவன் பிறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் யாரோ பிள்ளைகள் உங்களைப் 'பஞ்சர்' என்று கூப்பிடுவது என் காதில் அன்றைக்கே கேட்டது.

ஊர்வலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, செங்கல் ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். பட்டென்று ஒரு வெடி. டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, மேலடுக்குச் செங்கல் பத்திருபது ரோட்டில் உருண்டது. வலப்பக்கத்துப் பின் டயர். நான் மிகவும் செல்லமாக வைத்திருந்த டயர்.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னாண்ணா, ஆடி பொறக்கறதுக்குள்ளவே வேட்டு போட்டுட்ட?"

"போய்யா, வேலையப் பாரு."

"வேலையத்தான் பாக்கறேன். ரோட்ல வூடு கட்டாம செங்கல்ல ஓரமா எடுத்து வெய்யி, வண்டி போவணும்ல."

அவரே இறங்கி வந்து ஐந்தாறு கல்லை எடுத்து ஓரம் வைத்துவிட்டுத்தான் போனார். பஞ்சர் கடை பாய்க்குப் போன் செய்தேன். என் வயதுதான் அவருக்கு. வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கியவர், வெடித்த டயரை ஒரு பார்வை பார்த்தார். கட்டை விரலால் அழுத்தினார். விரல் கருப்பாகி வந்தது.

"அரே, இன்னா பண்ணி வெச்சிருக்க? உளுந்து ஊறுன மாதிரி ஊறிப் போயிருக்குது."

அப்புறம் இடப்பக்கம் போய் அங்கேயும் விரலை வைத்தார். அந்த டயர் சாம்பல் நிறத்தில் மங்கிப் போயிருந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இது புதுசா மாத்தினதா?"

"நாலும் ஒரே நாள்ல வாங்கினது பாய்."

"சும்மா சொல்லாத."

"பொண்ணு மேல சத்தியமா."

"அப்ப இந்தப் பக்கத்துக்கு மட்டும் இன்னா ஊத்தின?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். "ஊத்தல பாய். ஆயில் போடுவேன். நாள் கிழமை வந்தா தவறவே மாட்டேன்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டு ஓரம் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கப் பாதி பீடி நேரம் ஆயிற்று. "ஆயில் ரப்பரைத் தின்னுடும்பா! போதாததுக்கு இந்தப் பக்கந்தான் மேற்கு வெயிலும் அடிக்குது. நல்லவேள, உன் கை அந்தப் பக்கம் போவல. போயிருந்தா நாலும் போயிருக்கும். முன்னாடி டயரும் வெடிப்பு உட்டுருக்குது பாரு, அதையும் மாத்திடு. அந்தப் பக்கத்து ரெண்டும் இருக்கட்டும். அது இன்னும் ஓடும்."

"அம்மன் ஏறப் போவுது பாய். பழசு தாங்குமா?"

"தாங்குமான்னு என்னைக் கேக்காத. இத்தினி வருஷமா உன்னையே தாங்கியிருக்குதே."

கடையில் அந்த அளவில் இரண்டு டயர்தான் இருந்தன. மீதி ஆடி கழித்துத்தான் வரும் என்றார்கள். ஆக, வலப்பக்கம் இரண்டு புதுசு, இடப்பக்கம் இரண்டு பழசு. இதுதான் அம்மனைச் சுமக்கப் போகிற வண்டி.

வெடித்த டயரை வீட்டுக்குக் கொண்டு வந்து வாசலில் போட்டேன். உங்கள் அம்மா தறியில் இருந்தாள். கூப்பிட்டதும் வந்துவிட மாட்டாள், உங்களுக்கே தெரியும். பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கிற கயிற்றை முதலில் தளர்த்துவாள். அப்புறம் தறி மேல் துணியைப் போர்த்துவாள். அதற்கப்புறம்தான் எழுந்திருப்பாள். வேலை இல்லாத நேரத்தில் இழை விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவள் கணக்கு. எல்லா நெசவு வீட்டிலும் அவ்வளவு கறாராகச் செய்கிறார்களா தெரியாது. இவள் செய்வாள்.

வந்தவள் டயரின் கிழிந்த இடத்தில் விரலை விட்டாள். நெசவுக்காரிக்கு எதைக் கண்டாலும் இழை தேடுகிற விரல். கொஞ்ச நேரம் நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாங்க, இதுக்குள்ள நூலு இருக்குது?"

"இருக்கும். தேஞ்ச டயர நூல் தெரியுதுன்னுதானே சொல்லுவோம்."

"அது இல்லீங்க. பாவு மட்டும்தான் இருக்குது. குறுக்கால ஓடற ஊடையே காணோம். ஒரு அடுக்கு இப்பிடி சாய்ஞ்சு ஓடுது, அதுக்கு மேல அடுக்கு அதும் எதிர்ப்பக்கம் சாய்ஞ்சு ஓடுது. நெய்யவே இல்ல. ரப்பர்தான் பிடிச்சு வெச்சிருக்குது." ஒரு நூலை உருவி, இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. விரல்தான் சிவந்தது. "நூலு போவல. நூலு கல்லாட்டம் இருக்குது. பிடிச்சுக்கினு இருந்ததுதான் உட்டுப் போச்சு. எண்ணெய் எறங்கி."

அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, தறி வூட்டுப் புள்ளதானே நீங்க? தல முழுவின அன்னிக்கு தறிக்கிட்ட போவ உடுவாங்களா உங்க வூட்ல? எண்ணெய்க் கையோட பட்ட தொட்டா முதுவுல ஒண்ணு வெக்க மாட்டாங்க? அந்த அறிவு டயருக்கு ஆவாதா?"

பட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் புடவையே போயிற்று என்று பால்குடி மறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அது பட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன். எனக்கு அப்போது வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான்கு வருடமாக நான் பார்த்துப் பார்த்து எண்ணெய் போட்டது இரண்டு டயரை. எட்டிக்கூடப் பார்க்காதது இரண்டு டயரை. பார்த்தது போய்விட்டது, பார்க்காதது நிற்கிறது. அது எவ்வளவு நல்ல பொருளாக இருந்தால், என் அன்பு படாமலிருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்!

அன்றைக்கே உங்கள் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். ஓடாத நாளில் டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்குக் கீழே கருங்கல் கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்த வேண்டும். வெயில் பக்கம் சாக்குத் தொங்கவிட வேண்டும். தறிக் கயிற்றைத் தளர்த்துகிற மாதிரிதான். ரைஸ் மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்தார்கள்.

"இன்னாப்பா, உன் டிரெய்லரு முந்தானை போட்டுக்கினு கட்டில்ல படுத்துக்கினு இருக்குது?"

"அதுக்கு ஒடம்பு சரியில்லீங்க," என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது?

ஊர்வலத்துக்கு முதல் நாள் மத்தியானம் கோயில் பெரியவர் வண்டியைப் பார்க்க வந்தார். விசில் கழுத்தில் தொங்கியது. சந்திலிருந்து டிரெய்லரைத் தெருவில் இழுத்து நிறுத்தியிருந்தேன். வலப்பக்கம் பார்த்தார், தலையாட்டினார். இடப்பக்கம் வந்தார், முகம் சுருங்கியது.

"இன்னாய்யா இது, சாணி தட்டுன மாதிரி இருக்குது? அம்மா ஏர்ற வண்டி. நாலும் பளபளன்னு இருக்க வேணாமா?"

"டயரு நல்லா இருக்குதுங்க. பாக்கத்தான் அப்பிடி."

"பாக்கத்தான்யா ஊரே வருது!" என்றவர் கையிலிருந்த டப்பாவை நீட்டினார். கருப்பு ஆயில். தானே கொண்டு வந்திருக்கிறார். "நல்லா தேச்சு வெய்யி. இல்லன்னா பக்கத்துத் தெரு வண்டிய சொல்லிடுவேன். அவனும் கேட்டுக்கினுதான் இருக்கறான்."

ஒரு நாள் எண்ணெயில் டயர் வெடித்துவிடாது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. தேய்த்தால் அந்த இரண்டையும் நானே கெடுத்தது மாதிரி. தேய்க்காவிட்டால் வண்டியே கை மாறிவிடும். டப்பாவை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

உங்கள் அம்மா உள்ளேயிருந்து வந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். "குடுங்க மாமா. நாளைக்கு வந்து பாருங்க. கண்ணு பட்டுடும்."

அவர் போனதும் டப்பாவைத் திறந்து, டிரெய்லரை டிராக்டரில் மாட்டுகிற கொக்கிக்கும் அதன் முளைக்கும் நான்கு சொட்டு விட்டாள். "எண்ணெய் போவ வேண்டிய எடம் இதான்." மீதியை மூடி வைத்துவிட்டாள். அப்புறம் குளியலறையிலிருந்து சீயக்காய்த் தூள் டப்பாவை எடுத்து வந்தாள். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. எண்ணெய் வெச்சவரு நீங்க. சீயக்கா போட்றது நானு. புது டயருக்கும் போட்றேன், கடையில இன்னா தடவினாங்களோ."

நான்கு டயரையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினோம். பெரியவள் ஒரு சின்னச் சொம்பில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தன் மேலேயே ஊற்றிக்கொண்டாள். காய்ந்த பிறகு அம்மா அரிசி மாவைக் கரைத்து, டயரின் பக்கவாட்டு முழுக்க வட்டமாக மாக்கோலம் போட்டாள். நடுவில் காவி. வெள்ளைப் பட்டை, காவிப் பட்டை, வெள்ளைப் பட்டை என்று கோயில் மதில் சுவர் மாதிரியே சுற்றி வந்தது. இடப்பக்கத்து மங்கின டயரில்தான் மாவு நன்றாகப் பிடித்தது. புது டயரில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் மூன்று மணிக்குப் பெரியவர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இடப்பக்கத்துப் பின் டயர் முன்னால் நின்றார்.

"இன்னாமா இது?"

"கோலம் மாமா. மதிலு மாதிரி இருக்குதா இல்லியா?"

"எண்ணெய் போடலியா?"

"எண்ணெய்ல கோலம் நிக்காது மாமா."

அவர் விசிலைத் துடைத்து வாயில் வைத்தார்.

அம்மன் ஏறினாள். அம்மன் கனம் பெரிதில்லை. அம்மனோடு ஏறினவர்கள்தான் கனம். பூசாரி, மேளக்காரர்கள், வாழைமரம் இரண்டு, நான்கு பெரிய குத்துவிளக்கு, 'நான் அம்மாவுக்கு விசிறி போடறேன்' என்று ஏறினவர், அவருக்குத் துணைக்கு ஏறினவர். பெரியவர் கீழே நின்று, "கூட்டம் ஏறாதய்யா, உள்ள போ, உள்ள போ," என்று பழைய வழக்கத்தில் கத்திக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடப்பக்கத்துப் பின் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தாள்.

"நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க. இத நான் பாத்துக்கினு வர்றேன்."

முதல் தெரு நன்றாகப் போயிற்று. இரண்டாவது தெருவும். மூன்றாவது தெரு முனையில் ஒரு கார் எடுக்காமல் நின்றிருந்தது. காரை விட்டு விலக, வண்டியை இடப்பக்கம் ஒடித்தேன். அங்கே கால்வாய் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். டிராக்டர் தாண்டிவிட்டது. டிரெய்லரின் முன் சக்கரமும் தாண்டிவிட்டது. பின் சக்கரம் ஏறியபோது பலகை முறிந்தது.

சத்தத்தை விட, சத்தத்துக்குப் பிறகு மேளம் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வாழைமரம் சாய்ந்து பூசாரி அம்மனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த அத்தனை பேர் பாரமும் அந்த ஒரு டயர் மேல். அது உடைந்த பலகைக்கு நடுவில் அமுங்கி, கோலம் போட்ட பக்கம் இரண்டு மடிப்பாக மடிந்து நின்றது. உடைந்த சிமெண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி டயரின் பக்கவாட்டில் குத்திக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். "அடுத்த பஞ்சர் ரெடிப்பா!"

பெரியவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். ஒன்றும் ஊதவில்லை. அப்படியே நின்றுவிட்டால் அம்மனை இறக்க வேண்டும். எடுத்தால் கம்பி கிழிக்கும். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பக்கத்திலிருந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி குத்தின இடத்தில் விரலை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கினாள்.

"நூலுக்கு எறங்கல! இழுங்க!"

பெரியவர் இரண்டு விசில் ஊதினார். நான் கிளட்ச்சை மெதுவாக விட்டேன். இன்ஜின் முக்கியது. பின்னால் ரப்பர் சிமெண்டில் உராய்கிற சத்தம், நாராசமான சத்தம். ஒரு குலுக்கல். டிரெய்லர் ஆடி, நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அமுங்கிக் கிடந்த டயர் மறுபடி வட்டமாக நின்றது. கோலத்தின் குறுக்கே ஒரு நீளக் கீறல். காற்றுப் போகவில்லை. மேளம் மறுபடி பிடித்தது. யாரோ மஞ்சள் தண்ணீரை அம்மனுக்கு ஊற்றுவதற்குப் பதில் டயர் மேல் ஊற்றினார்கள்.

நான்காவது தெருவில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் 'உஸ்' என்று கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மன் கோயிலுக்குள் போனாள். பெரியவர் என்னிடம் வந்து, "டயருக்கு எண்ணெய் போடாதது நல்லதாப் போச்சு. வழுக்கியிருக்கும்," என்றார். தானே சொன்ன மாதிரி. நானும் ஆமாம் என்றேன்.

எல்லோரும் கூழ் குடிக்கப் போனார்கள். எனக்கும் பசிதான். உங்கள் அம்மா விடவில்லை.

"மொதல்ல பாரத்த எறக்குங்க. அப்பறம் கூழு."

வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து, வாழைமரத்தை அவிழ்க்கிறதற்கு முன்னாலேயே ஜாக்கி போட்டுத் தூக்கினோம். கருங்கல்லைத் தள்ளினோம். இடப்பக்கத்துப் பின் சக்கரம் தரையை விட்டு நான்கு விரல் எழும்பி நின்றது. கையால் ஒரு தட்டுத் தட்டினேன். மாவும் காவியும் மஞ்சளும் கலந்து, கீறலோடு, சத்தமே இல்லாமல் அது வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவள் கை தட்டினாள். அவளுக்கு ஞாபகம் இருக்காது.

ஆடி முடிந்து புது டயர் வந்தது. இடப்பக்கத்து முன் டயரைத்தான் மாற்றினேன். இதை மாற்ற மனம் வரவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ அறுப்புக்கு நெல் சுமந்தது. தரையைப் பிடிக்கிற பட்டன் எல்லாம் தேய்ந்து மழமழவென்று ஆகி, ஒரு நாள் நூல் தெரிந்தது. கழற்றிக் கொண்டு வந்து போட்டபோது, உங்கள் அம்மா அந்த நூலைத் தடவிப் பார்த்தாள். "இன்னும் ஒரு இழை கூட அறல," என்றாள். பாய் கேட்டார், மாட்டுக்குத் தொட்டி வெட்டிக்கொடுக்கிறேன் என்று. ரைஸ் மில்காரர் கேட்டார், வாசலில் பாதி புதைத்து வைக்க. இவள் ஒருவருக்கும் தரவில்லை. "அது சொமந்தது போதும். இனிமே அதும் மேல எந்தப் பாரமும் வேணாம்," என்று வேப்பமரத்து நிழலில் உருட்டி விட்டாள்.

அதனால்தான் அது அங்கே கிடக்கிறது. மேலே ஒரு பானை வைக்க விடமாட்டாள், ஒரு சாக்கு மூட்டை வைக்க விடமாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கூடக் கழற்றாமல் அதன் மேல் ஏறி உட்காருகிறீர்களே, அதை மட்டும் அவள் பாரம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.